சிறு குழுவாக நடக்கும் ஸ்டுடியோ ஷூட்டில், வேடமிட்ட மாடல்களைப் படம் எடுக்க எப்படித் தயாராவது?

ஐந்தாறு பேர் சேர்ந்து எடுக்கும் ஷூட், அரசி வேடத்தில் ஒருவர், கவசம் பூண்ட வீரராக ஒருவர், ஆளுக்குச் சில நிமிடம்தான் முறை வரும் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். லென்ஸும் செட்டிங்கும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். நான் அதிகம் சொல்ல விரும்புவது வேறொன்று: உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது. படம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது.

செட்டிங் முதலில். கேமராவை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/125 அல்லது 1/160 நொடி என்று தொடங்கலாம். நடத்துபவர் லைட் மீட்டரில் அளந்து வேறு எண் சொன்னால் அதையே வையுங்கள். ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகத்துக்குப் பெரும்பாலான கேமராக்களில் ஒரு வரம்பு உண்டு, பொதுவாக 1/160 முதல் 1/250 வரை. அதைத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வின் போல ஓர் எண்ணில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சிவப்பு அங்கிக்கு ஒரு நிறம், வெள்ளைக் கவுனுக்கு ஒரு நிறம் என்று தோல் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மிரர்லெஸ் கேமரா என்றால், படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று முன்கூட்டியே காட்டும் எக்ஸ்போஷர் ப்ரிவியூவை அணைக்க வேண்டும், அணைக்காவிட்டால் வ்யூஃபைண்டர் இருட்டாகத் தெரியும். சத்தமில்லாத ஷட்டரையும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது இயங்கும்போது ஃப்ளாஷ் எரியாது.

லென்ஸ் விஷயத்தில் அறையின் நீளம்தான் முடிவு செய்யும். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மிமீ லென்ஸ் போட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், தலை முதல் கால் வரை ஒருவர் அடங்க ஏறக்குறைய 5 மீட்டர் பின்னால் போக வேண்டும். 50 மிமீ என்றால் 3 மீட்டர் போதும். குழு ஷூட்டில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பார்கள், அந்த இடத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். 24–70 போன்ற ஒரு ஜூம் இருந்தால் அதையே கொண்டு போங்கள். கிடைக்கும் சில நிமிடத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பது வீண். முழு உருவம் எடுக்கும்போது கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கிரீடம் பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரியும்.

சரி, இப்போது காத்திருக்கும் நேரத்துக்கு வருவோம்.

ஃப்ளாஷை இயக்கும் ட்ரிக்கர் பொதுவாக ஒன்றுதான், கைமாறிக்கொண்டே வரும். ஆளுக்கொன்று இருந்தாலும், இரண்டு பேர் அடுத்தடுத்து அமுக்கினால் ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஆகியிருக்காது, இரண்டாமவருக்கு இருண்ட படம்தான் கிடைக்கும். ஆகவே முறை வைத்துத்தான் எடுத்தாக வேண்டும். காத்திருக்கும்போது பலர் ஃபோனைப் பார்ப்பார்கள், அல்லது ஏற்கெனவே எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நீங்கள் கேமராவைத் தோளில் மாட்டிவிட்டு அந்த உடையைப் பாருங்கள்.

குழு ஷூட்டில் விளக்கை நகர்த்தும் உரிமை பெரும்பாலும் நமக்குக் கிடையாது. ஒருவருக்காக மாற்றினால் அடுத்தவருக்கு எல்லாம் குலைந்துவிடும். ஆனால் நம் கால்களை நகர்த்தலாம், மாடலைத் திரும்பச் சொல்லலாம். எந்தத் துணிக்கு எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்தால் அதுவே போதும். வெல்வெட் ஒளியைக் குடித்துவிடும். விளக்கு இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்தால் கறுப்பு வெல்வெட் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் விழும். நிழல் விழும் பக்கமாக நடந்து வாருங்கள், மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். சரிகை வேலை, பூத்தையல், தோலில் செதுக்கிய வடிவம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான், ஒளி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போக வேண்டும். மெல்லிய வலைத்துணிக்கும் இறகுக்கும் பின்னாலிருந்து ஒளி வந்தால் அழகு.

உலோகக் கவசம் தனி ரகம். அதன் மேல் விழும் ஒளியைவிட அதில் எது பிரதிபலிக்கிறது என்பதுதான் படத்தில் தெரியும். விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைச் சதுரமும் தெரியும், சிவப்புச் சட்டையோடு நிற்கும் நீங்களும் தெரிவீர்கள். அதனால் கறுப்பு அல்லது சாம்பல் நிற உடையில் போவது நல்லது. மார்புக் கவசத்தில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் திட்டு விழுந்தால், நீங்கள் ஓரடி இடமோ வலமோ நகர்ந்தாலே அது இடம் மாறும். காத்திருப்பவர்களில் ஒருவர் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பக்கத்தில் பிடித்தால் கவசத்தின் இருண்ட பக்கம் முழுவதும் ஒரு மென்மையான வெளிச்சக் கோடு ஓடும். நீங்களும் அவர் முறையில் அட்டை பிடியுங்கள்.

மாடலை முன்னே பின்னே நகர்த்தினால் எக்ஸ்போஷர் மாறும் என்பதை மறக்க வேண்டாம். விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தவர் 1.4 மீட்டருக்குப் போனால் அவர் மேல் விழும் ஒளி பாதியாகிறது, 2 மீட்டருக்குப் போனால் கால் பங்கு. வெள்ளை லேஸ் உடை அணிந்தவர் உற்சாகத்தில் விளக்கின் பக்கம் ஓர் அடி வைத்தாலே வேலைப்பாடு முழுவதும் வெளுத்துவிடும், அதைக் கணினியில் மீட்க முடியாது. வெளுத்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள். அப்புறம், நெருக்கமாக நெய்த துணியில் அலை அலையாக வண்ணக்கோடு தெரிந்தால் சற்று அருகிலோ தள்ளியோ போய் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

உடைக்கு அடுத்தபடி, அந்த உடைக்குள் இருக்கும் ஆளைப் பாருங்கள். ஒரு ஃபோட்டோகிராஃபர் முடித்து அடுத்தவர் வரும் இடைவெளியில் மாடல் எப்படி நிற்கிறார்? கனமான கிரீடம் வைத்தவர் கழுத்தைத் தானாகவே நிமிர்த்திக்கொள்வார். தோள் கவசம் அணிந்தவரால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, வாளின் பிடியில் ஊன்றிக்கொள்வார். உடையே சொல்லித் தரும் நிலைகள் இவை. இவற்றில் ஒன்றைக் கேட்டால் மாடல் உடனே செய்வார், பொய்யாகவும் தெரியாது. எங்கோ பார்த்த போஸைக் கவசத்தின் மேல் ஏற்றினால் உடம்பும் உடையும் சண்டை போடும்.

குறைகளும் அப்போதுதான் கண்ணில் படும். விக்கின் வலை நெற்றியில் தெரிகிறதா, இடுப்பை இறுக்கிய கிளிப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கிறதா, கைக்கடிகாரத்தின் தடம், நகப்பூச்சு, அங்கியின் கீழே தெரியும் ஸ்போர்ட்ஸ் ஷூ. பார்த்ததும் மாடலிடமோ ஒப்பனைக் கலைஞரிடமோ வாயால் சொல்லுங்கள். எல்லோர் படமும் பிழைக்கும். கையை நீட்டிச் சரிசெய்யாதீர்கள். தொடுவது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவர் அனுமதி கேட்காமல் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்னொருவர் முறையில் அவர் தோளுக்கு மேலாக எடுப்பதையும் தவிருங்கள். எல்இடி போன்ற தொடர் ஒளியில் ட்ரிக்கர் தேவையில்லை என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள். மாடலின் கண் எந்த லென்ஸுக்கும் முழுதாகக் கிடைக்காமல் அலையும். ஒருவர் எடுக்கும்போது மாடல் அவரை மட்டும் பார்க்கட்டும் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் முறை வந்ததும் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லுங்கள், என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். “சோகமாகப் பாருங்கள்” என்றால் உதடு மட்டும் கீழே போகும். “கோட்டைக் கதவுக்கு வெளியே குதிரைச் சத்தம் கேட்கிறது, வருவது யாரென்று உங்களுக்குத் தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை” என்று சொல்லிப் பாருங்கள். 1874-ல் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பிரிட்டிஷ் பெண் ஃபோட்டோகிராஃபர் தன் கணவரையே மெர்லின் என்ற மந்திரவாதியாக வேடமிட்டு நிறுத்திப் படம் எடுத்தார். அவர் தம் படங்களுக்கு மாடல்களை நிமிடக் கணக்கில் அசையாமல் நிறுத்திய காலம் அது. அவர் எடுத்த வேடப் படங்களில் உடைகள் பெரும்பாலும் எளிமையான போர்வையும் துணியும்தான். நம்மைப் பிடித்து நிறுத்துவது முகம். நமக்கு எவ்வளவு நல்ல கவசம் வாய்த்தாலும் ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும்.

அங்கி பறக்கும் படம் வேண்டுமென்றால் ஒருவர் துணியை வீசிவிட்டு ஃப்ரேமை விட்டு ஓட வேண்டும், முதலில் கேமரா இல்லாமல் ஒத்திகை பாருங்கள். ஸ்டுடியோவில் அசைவை உறைய வைப்பது ஷட்டரைவிட ஃப்ளாஷின் மிகக் குறுகிய வெளிச்சம்தான். தொடர்ந்து அமுக்காமல் ஃப்ளாஷ் தயாரானதும் ஒரே ஒரு தடவை, சரியான நொடியில்.

மாடலுக்கு விக்குக்குள் வியர்க்கும், இறுக்கமான கார்செட்டில் மூச்சு முழுதாக வாங்க முடியாது, நிற கான்டாக்ட் லென்ஸ் போட்ட கண் உலர்ந்துவிடும். ஸ்ட்ராவோடு தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், உதட்டுச்சாயம் கலையாது. அவர் கேட்பதற்கு முன்பே ஓய்வு கொடுங்கள். உடை மாற்றும் இடத்தின் பக்கம் கேமரா போகவே கூடாது.

கிளம்புவதற்கு முன் படங்களை எங்கே வெளியிடலாம், விற்கலாமா, உடம்பின் வடிவத்தைத் திருத்துவதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உடை தைத்தவர், ஒப்பனை செய்தவர் பெயர்களையும் சரியான எழுத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறையின் கடைசியில் நேராக முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தலை முதல் கால் வரை எந்தப் போஸும் இல்லாமல் எடுத்துவிடுங்கள். கலைப்படமாக அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் தைத்தவருக்குத் தன் வேலையைக் காட்ட அந்த இரண்டும்தான் தேவைப்படும், மற்றவர்கள் பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்கள்.