எல்லையை அடைத்தாலும் நோயாளிகளை மட்டும் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

காகிதத்தில் உண்மை. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போரிலும் காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்க வேண்டும் என்று 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை சொல்கிறது. இலங்கைப் போரில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி அடைபட்டுக் கிடந்தபோது, எங்கள் அம்மம்மாவிடமும் யாரும் "போகக் கூடாது" என்று சொல்லவில்லை. எல்லோரும் "நாளைக்கு வாருங்கள்" என்றுதான் சொன்னார்கள்.

1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது நாங்கள் மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்தோம். 1998இல் ஒருநாள் கிணற்றடியிலிருந்து வந்த அம்மம்மா, மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். நெல்லிக்காய் அளவு. புற்றுநோயாக இருக்கலாம், மகரகமவுக்குக் கொண்டுபோங்கள் என்றார் வைத்தியர். அரச புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் மகரகம கொழும்புக்குப் பக்கத்தில். ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பாதை திறந்திருந்தால் ஒரு பகல் பயணம்.

எங்களுக்கு மூன்று அனுமதிகள் வேண்டியிருந்தன. முதலாவது விடுதலைப் புலிகளின் பாஸ். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும், மாமா நின்றார். எங்கள் பக்கம் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன். துணைக்கு இளவயதினர் போக முடியாது. புலிகள் விடமாட்டார்கள், விட்டாலும் மறுபக்கத்தில் இராணுவம் சந்தேகப்படும். அதனால் நடக்கவே சிரமப்படும் பெரியம்மா ஒருவர்தான் துணையானார்.

இரண்டாவது, இரு தரப்புக்கும் நடுவில் யார் கையிலும் இல்லாத சூனியப் பிரதேசத்தைக் கடப்பது. மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தார் நடுவில் நிற்க, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நாட்களில் மட்டும் பாதை திறக்கும். செல் (எறிகணை) விழுந்தால் மூடிவிடும். இரண்டு முறை மடு என்ற ஊர் வரை போய்த் திரும்பி வந்தார்கள். மூன்றாவது அனுமதி வவுனியாவில். இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்த பிறகும் அங்கிருந்து கொழும்புக்குப் போகத் தனியாக ஒரு பாஸ் எடுக்க வேண்டும். அது கிடைக்கும் வரை முகாமில் இருந்தார்கள்.

எல்லாமாக 74 நாட்கள். நெல்லிக்காய் தேசிக்காய் அளவாகிவிட்டது. மகரகமவில் ஒரு வைத்தியர், "ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாராம். கோபத்தில் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மொழிபெயர்த்த பிறகும் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மம்மா 1999இல் இறந்தார். அந்த 74 நாட்கள் இல்லாவிட்டாலும் இறந்திருப்பாரோ என்னவோ. அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

"மருந்து அனுப்பினோமே" என்று அரசாங்கத்துக்காக வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பினார்கள். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பாதுகாப்பு அமைச்சு அனுமதிக்க வேண்டும். வன்னிக்குள் கொண்டுபோகத் தடைசெய்த பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் அதற்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும்: பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா. பற்றரி இல்லையென்றால் நடு இரவில் பாம்பு கடித்தவனின் காலை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது? பெற்றோலைச் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். பிரசவ வலி கண்ட பெண்களையும் அந்தப் புகையிலேதான் ஏற்றிப்போனோம். மின்சாரம் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டி இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியர் ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இன்சுலின் குப்பியைப் புதைத்து வைத்திருப்பார். சட்டி காயாமல் தண்ணீர் தெளிப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காலை வேலை.

போரின் இறுதி ஆண்டான 2009இல் இதெல்லாம் பல மடங்காகிவிட்டது. அப்போது நான் வன்னியில் இல்லை, உறவினர்கள் இருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று பெப்ரவரியில் அரசாங்கம் சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்கள் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஆட்களைக் குறைத்துக் கணக்கிட்டால் மருந்தும் அந்தக் கணக்கிற்குத்தான் வரும். அப்படிக் குறைத்துக் காட்டியதையும், அறுவைச் சிகிச்சைக்கான பொருட்கள் மறுக்கப்பட்டதையும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதி வைத்திருக்கிறது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததும், சுட்டதும் அதே அறிக்கையில் இருக்கின்றன. அடைப்புக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருந்தது.

முல்லைத்தீவுப் பக்கம் மாத்தளன் கரைக்கும், பிறகு முள்ளிவாய்க்கால் கரைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் வந்தது. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை நோயாளிகள், காயப்பட்டவர்கள், துணைக்குப் போனவர்கள் என்று 13,000க்கும் மேற்பட்டவர்களை அது ஏற்றிச் சென்றது. கப்பல் கரைக்கு வர முடியாது. சிறு படகுகளில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். தொடையில் செல் துண்டோடு போன என் சின்னம்மா அப்படித்தான் உயிர் தப்பினார். அந்தக் கப்பலை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இடம் கொஞ்சம், கை கால் இழந்து கிடந்தவர்களோ ஏராளம். அவர்களில் யாரை முதலில் ஏற்றுவது என்று தீர்மானித்த வைத்தியர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆசிரியரும் மாத்தளனில்தான் இருந்தார். சட்டி எங்கோ இடம்பெயர்வில் உடைந்துவிட்டது. அதற்குள் வைக்க மருந்தும் இல்லை. உடம்பில் காயம் எதுவும் இல்லாததால், படகில் ஏற்றுங்கள் என்று கேட்க அவருக்கே கூச்சமாக இருந்ததாம். ஏப்ரலில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் மயங்கியவர் பிறகு எழவில்லை. செல் விழுந்து இறந்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.