இண்டக்‌ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

சாதாரண பாக்ஸில் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பது சுவரிலுள்ள பிளக் பாயிண்டை ஒயர் போட்டு நீட்டுவதுதான். கடைகளில் கிடைப்பவற்றில் பல 6 ஆம்பியர்தான் தாங்கும். 2000 வாட் அடுப்போ 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பதால், இங்கே ஒயரும் சாக்கெட்டும் தாங்க வேண்டியதைவிட இரு மடங்குக்கு மேல் சூடாகும். ஒல்லிச் சந்துக்குள் தேரை இழுப்பது மாதிரிதான். பெரும்பாலும் முதலில் கருகுவது ஒயரல்ல, பிளக் தளர்வாக உட்காரும் சாக்கெட். ஒயரைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேறவும் வழியில்லை. 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ட்டர் இன்னும் மோசம்.

வேறு வழியே இல்லையென்றால் 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், எர்த் இணைப்பு உள்ள பாக்ஸ். அதிலும் ஒரே ஒரு சாதனம்.

எம்சிபி (அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம்: 16 ஆம்பியர் எம்சிபிக்கு 9 ஆம்பியர் சாதாரண லோடு, அது விழவே விழாது.