டீச்சர் பதில்கள்: கொரியனா, யோருபாவா?

கேள்வி: என் கணவருக்கு நைஜீரியாவில், லாகோஸில் வேலை. கடைத்தெருவில் பேச யோருபா கற்றுக்கொள்கிறேன் என்கிறார். மகளோ கொரிய சீரியல்களைப் பார்த்துப் பார்த்து கொரியன் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். "என் மொழிதான் தமிழருக்குச் சுலபம்" என்று போனில் இருவருக்கும் தினம் சண்டை. நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இலக்கணத்தில் நான் மகள் கட்சி.

என் மருமகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். சேர்ந்த புதிதில் கொரிய மேலாளர் ஒருவர் கிம்ச்சி டப்பாவை நீட்டி "மொகொ ப்வாயோ" என்றாராம். மொகொ என்றால் சாப்பிட்டு. ப்வாயோ என்றால் பாருங்கள். சாப்பிட்டுப் பாருங்கள்! ருசி அறியக் கண்ணைக் கூப்பிடுகிற இந்த வழக்கம் நம் பக்கம்தான் என்று நினைத்து முப்பது வருஷம் துணைவினை நடத்தியவள் நான். அதைக் கேட்ட ராத்திரி ஒரு தோசையைக் கல்லிலேயே கருகவிட்டேன்.

'செய்து கொடு' என்பதில் ஒட்டும் 'கொடு'வும் அங்கே உண்டு. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். 'நா-நுன் பாப்-உல் மொகொயோ' என்றால் நான் சோற்றைச் சாப்பிடுகிறேன். அந்த 'உல்'தான் நம் 'ஐ'. அதிலுள்ள உகரத்துக்கு உதட்டைக் குவிக்கக்கூடாது. 'பந்து' என்பதன் கடைசியில் விடுகிறோமே, அந்தக் குற்றியலுகரம்தான். இறைச்சிக்கு 'கோகி' என்பார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் முதல் எழுத்தை வலித்தும் அடுத்ததை மெலித்தும் நாம் தானாகவே சரியாகப் படித்துவிடுவோம்.

உங்கள் மகள் தடுக்கி விழப்போகும் இடம் வேறு. தீ, புல், கொம்பு மூன்றுக்கும் கொரியச் சொற்கள் நம் காதில் 'புல்' என்றே விழும். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். புல் என்று சொன்னால் காகிதம் ஆடவேண்டும். கொம்புக்குத் தொண்டையை இறுக்கவேண்டும், காகிதம் அசையக்கூடாது. தீ இரண்டுக்கும் நடுவில்.

இனி அப்பா கதை. யோருபாவில் 'நான் தின்றேன் சோறு' என்று வரிசை மாறும். ஆனால் திணை, பால் தொல்லை கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே 'ஓ'. வினையும் அசையாமல் நிற்கும். அசைவதெல்லாம் சுருதி! கீழ், நடு, மேல் என்று மூன்று. அங்கே டோ ரே மீ என்று சொல்லித் தருவார்கள். நாம் ச ரி க என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு ஆயிரம் விளக்கில். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறேன். போன வருஷம் நைஜீரியாவின் இபாதான் ஊர்ப்பெண் ஒருத்தி, தாயாரின் முட்டி ஆபரேஷனுக்காக ஒன்றரை மாதம் தங்கினாள். அவளிடம் 'ஒகொ' கற்றேன். இரண்டாவது எழுத்தைத் தூக்கினால் மண்வெட்டி, நடுவில் விட்டால் புருஷன், இறக்கினால் வண்டி. ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "ஒகொ தி தே" என்று பெருமையாகக் கத்தினேன். வண்டி வந்தாச்சு என்று சொல்வதாக நினைப்பு. சுருதி இறங்கவில்லை. அவள் பாய்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஆட்டோக்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்துவிட்டார்.

அவர்கள் மேளம்கூட இந்தச் சுருதியை வைத்துப் பேசும். துன்துன் என்று பெயர், இடை சிறுத்த நம் உடுக்கை ஜாடை. கக்கத்தில் இடுக்கிக் கயிற்றை அழுத்தினால் ஓசை ஏறும், விட்டால் இறங்கும். கொரியாவின் சாங்குவுக்கும் அதே சிறுத்த இடைதான், ஆனால் அது பேசாது.

உங்கள் கணவருக்குப் பாட்டுக் காது உண்டா? இருந்தால் பிழைத்துக்கொள்வார்.

கேள்வி: கொரியனில் அம்மா, அப்பா இருக்கிறதே, தமிழிலிருந்து போனதா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: 'ஒம்மா', 'ஆப்பா' என்பார்கள். உதடு ஒட்டிப் பிரிந்தால் பிறக்கும் ஓசைகள் இவை, எந்த ஊர்க் குழந்தைக்கும் முதலில் வரும். யோருபாவிலும் தகப்பன் 'பாபா'தான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905லேயே புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்பதில்லை. ஜப்பானியத்திலும் துருக்கியிலும்கூட வினை கடைசியில்தான். மூக்கு நம் சித்தப்பா மாதிரி இருக்கிறது என்று வழியில் போகிறவரைப் பந்தியில் உட்காரவைக்க முடியுமா?

கேள்வி: இரண்டுக்கும் சொந்த எழுத்து உண்டா?
– குடும்பத் தலைவி, வில்லிவாக்கம்

பதில்: கொரியனுக்கு உண்டு. சேஜோங் மன்னர் 1443ல் உருவாக்கி 1446ல் வெளியிட்டார். அன்று 28 எழுத்து, இன்று 24. யோருபாவுக்கு இப்போது ரோமன் எழுத்து. சிலவற்றின் கீழே புள்ளி, மேலே சுருதிக்குறி. சாமுவேல் அஜயி கிரவுதர் 1843ல் யோருபாச் சொற்பட்டியலை அச்சிட்டார். சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு, மீட்கப்பட்டு, 1864ல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனவர். அந்தக் குறிகளைப் போனில் பலர் போடுவதில்லை. மண்வெட்டியா புருஷனா என்று நாம்தான் ஊகிக்கவேண்டும்.

கேள்வி: யோருபாவில் எண்ணுவதற்கே கணக்கு தெரியவேண்டுமாமே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

பதில்: உங்களுக்குப் பிடிக்கும். இருபது இருபதாக எண்ணுவார்கள், குறைத்தும் எண்ணுவார்கள். ஐம்பது என்பது மூன்று இருபதில் பத்து குறைவு. நாற்பத்தைந்து என்பது அந்த ஐம்பதில் ஐந்து குறைவு. கொரியனில் வேறு வம்பு: சொந்த எண் ஒரு வரிசை, சீனத்திலிருந்து வந்தது ஒரு வரிசை. மூன்றரை மணி என்றால் மூன்று சொந்தத்தில், முப்பது நிமிஷம் சீனத்தில்.

கேள்வி: யோருபாக்காரர்களுக்கு வணக்கம் எப்படிச் சொல்வது?
– கடைக்காரர், கிரீம்ஸ் சாலை

பதில்: அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை செய்கிறவருக்கு "எ கு இஷெ", உட்கார்ந்திருப்பவருக்கு "எ கு இஜோகோ". இந்த 'எ' நம் 'நீங்கள்' மாதிரி மரியாதை. சின்னவர்களுக்கு 'ஓ கு'. இதென்ன விசித்திரம் என்று யோசித்தேன். அப்போது தெருக்குழாயில் குடத்தோடு நின்றவளிடம் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "என்னக்கா, தண்ணி பிடிக்கிறீங்களா?"

இபாதான் பெண் அதை உடனே பிடித்துக்கொண்டாள். ஊருக்குப் போகிற நாள்வரை, காலையில் படியிறங்கும்போதெல்லாம் என்னிடம் அவள் சொன்ன வணக்கம் இதுதான்: "என்னம்மா, கோலமா?"