ஆயிலில் உலோகத் துகள் வந்தால் லாரியை ஓட்டலாமா?

"எங்கள் பத்து சக்கர லாரிக்கு ஆயில் மாற்றும்போது, வடித்த பழைய ஆயில் வெயிலில் மினுமினுவென்று இருந்தது. தட்டின் அடியில் மெல்லிய உலோகச் செதில்களும் கிடந்தன. இன்ஜினில் சத்தம் எதுவும் இல்லை, வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது. புது ஆயில் ஊற்றி ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது என்கிறார் மெக்கானிக். நாளைக்கு லோடு இருக்கிறது. ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டாதீர்கள். முதலில் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள், சேம்பரை, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றி பேரிங்குகளைக் கண்ணால் பாருங்கள். அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம். சங்ககிரிப் பக்கம் லாரி இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஒரு லோடு தவறினால் என்ன நஷ்டம், தவணை நாள் நெருங்கும்போது வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பேரிங் தேயும் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் செலவு பேரிங் செட்டோடு நிற்கும். விட்டுவிட்டால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கில் கோடு விழும், பேரிங் அதோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பல மாதம் ஆகலாம். முழு லோடோடு ஒரு தொப்பூர் ஏற்றமே போதுமானதாகவும் ஆகலாம்.

சத்தம் இல்லை என்பதை நம்பாதீர்கள். கிராங்க்கைத் தாங்கும் பேரிங் என்பது எஃகுத் தகட்டின் மேல் செம்புக் கலவை, அதன் மேல் மெல்லிய மேல்பூச்சு என்று அடுக்கடுக்காகச் செய்தது. அலுமினியம், வெள்ளீயம் கலந்த வகையும் உண்டு. மேல்பூச்சின் கனம் பல பேரிங்குகளில் 0.02 மில்லிமீட்டர் அளவுதான். அது முழுக்க உரிந்து போனாலும் காதுக்கு எதுவும் கேட்காது. ஆயில் பிரஷரும் உடனே இறங்காது. தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும்போது பெரும்பாலும் கிராங்க் கெட்டுப்போயிருக்கும்.

துகள் வந்தாலே ஆபத்து என்றும் இல்லை. புது இன்ஜினின் முதல் ஆயிலிலும், இன்ஜின் வேலை முடித்த பிறகு மாற்றும் முதல் ஆயிலிலும் மினுமினுப்பு கொஞ்சம் வரத்தான் செய்யும். பிஸ்டன் ரிங்கும் அது உரசி ஓடும் லைனரும் ஒன்றுக்கொன்று பழகும்போது உதிர்கிற தூள் அது. காந்தம் வைத்த டிரெயின் போல்ட் இருந்தால் அதில் கண்மை போல ஒரு கருப்புப் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் நெருடாது. அதுவும் எல்லா இன்ஜினிலும் வருவதுதான். விரலில் நெருடுகிற சில்லு, நகத்தால் எடுக்க முடிகிற செதில், இவை வந்தால்தான் பிரச்சினை. நீங்கள் செதில் என்றே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, இப்போது ஃபில்டர். பழைய ஃபில்டரைத் தூக்கி எறிந்திருந்தால் தேடி எடுத்து வாருங்கள். ஆயில் தட்டில் கிடப்பதைவிட அதில்தான் சாட்சி அதிகம். அதை ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், அறுத்த தூள் உள்ளே விழுந்து உங்களையே குழப்பும். ஃபில்டர் கட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் விளிம்பு மடிப்பை உளியால் நெம்பித் திறக்கலாம். உள்ளே இருக்கும் காகிதத்தை வெட்டி எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். மடிப்புகளில் கிடப்பதைச் சுத்தமான டீசலில் அலசி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினால் நிறம் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அந்தத் துகள்கள் மேல் நகர்த்துங்கள். ஒட்டினால் இரும்பு: லைனர், ரிங், கேம், டாப்பெட், டைமிங் கியர், ஆயில் பம்ப், கிராங்க், இதில் ஏதோ ஒன்று. ஒட்டாமல் வெள்ளையாக, லேசாக இருந்தால் அலுமினியம். பிஸ்டனிலிருந்து வரலாம், அலுமினியப் பேரிங்கிலிருந்தும் வரலாம். ஒட்டாமல் சாம்பல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தால் பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறத்தில், பித்தளை நிறத்தில் வந்தால்தான் எனக்கு அதிகக் கவலை. மேல்பூச்சு போய் அடியில் இருக்கும் செம்பு தேய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். பிஸ்டன் பின் புஷ்ஷும், டர்போவின் புஷ்ஷும், ராக்கர் புஷ்ஷும் இதே நிறத்தில்தான் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது, சேம்பரைக் கழற்றியே ஆக வேண்டும்.

சேம்பர் கழற்றுவது இன்ஜினை இறக்கும் வேலை இல்லை. சில வண்டிகளில் முன் ஆக்ஸில் மறிக்கும், அங்கே கொஞ்சம் சிரமப்பட வேண்டும். பெரும்பாலான லாரிகளில் வண்டிக்கு அடியில் படுத்தே முடித்துவிடலாம். முதலில் பம்ப்பின் சல்லடையையும் சேம்பரின் அடியையும் பாருங்கள். பிறகு பேரிங்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கனெக்டிங் ராட்டின் அடியில் போல்ட் போட்டிருக்கும் கேப்பைக் கழற்றி, கேப்போடு வரும் கீழ்ப் பேரிங் நன்றாக இருப்பதைப் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று திரும்ப மாட்டிவிடுவார்கள். ஆனால் எரியும் டீசல் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது அந்த அடி முழுவதும் ராட்டின் மேல் பாதிப் பேரிங்கில்தான் விழுகிறது. பிக் எண்டில், அதாவது ராட் கிராங்க்கைப் பிடிக்கும் முனையில், மேல் பாதி முதலில் தேயும். கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் நேர்மாறாக, கேப்பில் இருக்கும் கீழ்ப் பாதி முதலில் தேயும். ஆகவே ராட்டைக் கொஞ்சம் மேலே தள்ளி அந்த மேல் பாதியையும் வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு டாரஸ் லாரியில் கீழ்ப் பாதிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் புதுசு மாதிரி இருந்தன. மேல் பாதிகளில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. கிராங்க்கில் கோடு விழவில்லை, அளவும் சரியாக இருந்தது, அதனால் பேரிங் மாற்றியதோடு அந்த வண்டி தப்பியது. கழற்றும்போது எந்தக் கேப் எந்த ராட்டுடையது என்று குறித்து வையுங்கள், மாற்றிப் போடவே கூடாது. ராட் போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதை உங்கள் இன்ஜினின் மேனுவலில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதே நேரத்தில் கிராங்க்கை நெம்பி முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜில் பார்த்துவிடுங்கள். கிளட்ச் பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் டிரைவருக்கு இருந்தால், அந்த ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேயும். அந்தத் தூளும் சேம்பருக்குத்தான் வரும்.

பேரிங் போயிருந்தால், அது ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டாதீர்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் கூலன்ட் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போய், ஆயில் தண்ணீராக, டீசல் வாடையோடு இருந்தால் இன்ஜெக்டர் பக்கம் கசிவு. பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும்போதும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். அந்தச் சுத்தம் செய்யும் சுழற்சி அடிக்கடி வருகிறதா, பாதியில் நிற்கிறதா என்று டிரைவரைக் கேளுங்கள். இரும்புத் தூள்தான் அதிகம் என்றால் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். மண் ஒட்டினால் காரணம் அங்கேயே இருக்கிறது. ஒரு கிளிப் தளர்ந்தாலும் ரோட்டுப் புழுதி நேராக லைனருக்குப் போய் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

ஆயிலை லேபுக்கு அனுப்பலாமா என்று கேட்பீர்கள். நல்ல பழக்கம்தான். ரயில்வே டீசல் ஷெட்களில் இதைத் தொடர்ந்து செய்கிறார்கள். இரும்பு, செம்பு, காரீயம், சிலிக்கான் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவார்கள். சிலிக்கான் ஏறினால் பெரும்பாலும் புழுதி. ஆனால் லேபில் செய்யும் இந்தச் சாதாரண ஸ்பெக்ட்ரோ சோதனை ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களைத்தான் நன்றாகப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற செதில் அந்தக் கணக்கில் வராமலே போகலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்று வந்ததை நம்பி, ஃபில்டரில் செம்புச் செதில் கிடந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, பல பட்டறைகளில் விட்டுவிடும் ஒரு வேலை. உதிர்ந்த துகள் ஆயில் கூலருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பல இன்ஜின்களில் ஆயில் கூலரைத் தாண்டித்தான் ஃபில்டருக்கு வரும், அதனால் கூலரை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே பேரிங்குகளுக்குப் போகும். புதுப் பேரிங் போட்டு, பழைய கூலரை அப்படியே மாட்டினால் அந்தக் குப்பை திரும்ப வந்து அதே பேரிங்கைத் தின்னும். கூலரின் உட்பகுதியை முழுமையாகச் சுத்தம் செய்வது மிகவும் கஷ்டம், பேரிங் மோசமாகப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய், பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் ஜெட்கள், பம்ப், எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். கிராங்க்கை லேத்துக்கு அனுப்பினால் அதன் ஆயில் துளைகளைப் பிரஷ் விட்டுக் கழுவித் தரச் சொல்லுங்கள்.

இன்று ஃபில்டரை வெட்டிப் பார்த்துவிட்டு, துகளின் நிறம் என்ன, காந்தத்தில் ஒட்டியதா, சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். துணியில் வடித்ததைப் படமெடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. இரவு எத்தனை மணியானாலும் பார்த்துப் பதில் சொல்கிறேன்.