நன்றாகப் பேசுகிறார், டாக்டர் மட்டும் பிடிகொடுக்க மறுக்கிறார்

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு வயது 52. சுகர் உண்டு. ஐந்து நாளுக்கு முன் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பும்போது முந்தானையில் தீப்பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா போர்வையால் அணைத்துவிட்டு, எரிச்சல் குறையும் என்று இட்லி மாவை எடுத்து ஊற்றினார். இப்போது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். 38 சதவீதம் என்கிறார்கள். அம்மா நன்றாகப் பேசுகிறார், இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். டாக்டர்களோ முதலில் "மூன்று நாள் போகட்டும்" என்றார்கள், இப்போது "மூன்று வாரம் போகட்டும்" என்கிறார்கள். எதையாவது மறைக்கிறார்களா? சென்னைக்குக் கொண்டுபோய்விடலாமா? கண்ணாடி வேறு கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: உங்களுக்குத் தனியாக அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். தீக்காய வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் கேட்கிற கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரித்து இங்கேயும் எழுதுகிறேன்.

டாக்டர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் சொன்ன இரண்டு தவணையும் உண்மை. தீக்காயத்தில் ஆபத்து இரண்டு முறை வரும். முதலாவது மூன்று நாளுக்குள். அது தாண்டியபின் சில நாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம்தான் இரண்டாவது வரும். உங்கள் அம்மா இப்போது அந்த இடைவெளியில் இருக்கிறார்.

38 சதவீதம் என்பது பிழைக்கும் வாய்ப்போ சாகும் வாய்ப்போ அல்ல. உடம்புத் தோலில் எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்ற அளவு, அவ்வளவுதான். நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு சதவீதம். ஒரு கை முழுக்க 9, ஒரு கால் முழுக்க 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18 என்று கணக்கு. வெறுமனே சிவந்த இடத்தைச் சேர்ப்பதில்லை. முந்தானையில் பிடித்த தீ மார்பு, கழுத்து, கை என்று மேலேறும். சிந்தெடிக் புடவை என்றால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். அதே 38 சதவீதம் ஆழமில்லாமல் இருந்தால் நிலைமை வேறு.

பிழைப்பதைக் கணிக்க டாக்டர்களான எங்களிடம் ஒரு பழைய கூட்டல் கணக்கு உண்டு. 1961இல் செர்ஜ் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் கொடுத்தது. வயதையும் காயச் சதவீதத்தையும் கூட்டு. அந்தக் காலத்தில் கூட்டுத்தொகை 100ஐத் தொட்டால் கையை விரித்துவிடுவார்கள். புகை நுரையீரலுக்குள் போயிருந்தால் இன்னொரு 17 சேர்க்க வேண்டும் என்று பின்னால் திருத்தினார்கள். நல்ல வசதியுள்ள மையங்களில் இன்று 100ஐத் தாண்டியவர்களும் பிழைத்து வீடு போகிறார்கள். நம் பக்கத்தில் அவ்வளவு தூரம் நீள்வதில்லை. வந்து சேரவே நேரமாகிவிடுகிறது, கிருமித் தொல்லையும் அதிகம். உங்கள் அம்மாவுக்கு 52ம் 38ம் சேர்ந்து 90. புகை அடைத்த அறை இல்லை, குரல் கம்மவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் 17 சேரவில்லை. சுகர் இருப்பது பாதகம். மொத்தத்தில் இது கடுமையான காயம், ஆனால் கைவிடுகிற காயம் அல்ல. இதைத் தாண்டி எண்ணாகச் சொல்லச் சொன்னால் நானும் உங்கள் டாக்டர் மாதிரிதான் மழுப்புவேன்.

சரி, நன்றாகப் பேசுகிறாரே? தீ மூளையைத் தொடுவதில்லை. ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் கருகிவிடுவதால் அங்கே வலிகூடத் தெரியாது. பயிற்சிக் காலத்தில் இரவு டியூட்டியில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறவர், எழுபது சதவீதத்துக்கு மேல் காயம். டிரிப்ஸ் போட நான் நரம்பு தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் "பண்ருட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்கிறார். வெளியே வந்து அவர் மகனிடம் நிலைமையைச் சொன்னபோது அவன் என்னை நம்பவேயில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். பேச்சை வைத்து எடைபோடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன், உங்களைப் பயமுறுத்த அல்ல.

முதல் ஆபத்து, உடம்பிலிருந்து நீர் வடிந்துபோவது. வெந்த தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் சல்லடையாகிவிடும். ரத்தத்தில் உள்ள நீர் சதைக்குள் கசியும். இரண்டாம் நாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கண் திறக்க முடியவில்லை என்றீர்களே, அது இதுதான். இதை ஈடுகட்ட, எடை கிலோவுக்கு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி வீதம் முதல் 24 மணி நேரத்தில் டிரிப்ஸாக ஏற்றுவோம். உங்கள் அம்மா 60 கிலோ என்றால் ஒன்பது லிட்டருக்கு மேல், அரை லிட்டர் பாட்டிலாகப் பதினெட்டு! அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த எட்டு மணி தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல. வழியில் மூன்று மணி நேரம் தொலைத்தால் அது மோசம் செய்வது இங்கேதான். மணிக்கு மணி மூத்திரத்தை அளந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள் இல்லையா, ஊற்றிய நீர் போதுமா என்று பார்ப்பதற்குத்தான். அம்மா இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

இனி பயப்பட வேண்டியது கிருமிக்கு. மூன்று நாளுக்குப் பிறகு தீக்காய வார்டில் நடக்கும் சாவுகளில் பெரும்பங்கு இதனால்தான். வெந்த தோல் செத்த சதை, கிருமிக்கு விருந்து. அது ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். அதனால் செத்த தோலைச் சீக்கிரமே சீவி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். இதைச் சீக்கிரம் செய்யலாம் என்று 1970இல் எழுதிக் காட்டியவர் ஸ்லோவேனியா நாட்டு மருத்துவர் ஸோரா யான்செகோவிச், ஒரு பெண்மணி. அதற்கு முன் தானாக உரியட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள், கிருமி முந்திக்கொள்ளும். உங்கள் டாக்டரிடம் "பிழைப்பாரா?" என்று தினமும் கேட்பதைவிட "ஆபரேஷன் எப்போது?", "காய்ச்சல் எப்படி?", "சுகர் எவ்வளவு?" என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்கும்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று கேட்டால், முதலில் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களாக இருந்தாலும் சரி. ஒருவர் மட்டும், ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவி உள்ளே போகட்டும். கட்டிலுக்குப் பூ வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் நம் வீடுகளில் பெரிய தப்பு நடக்கிறது. முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், மீன் கொடுத்தால் புண் ஆறாது என்று பத்தியம் வைத்துவிடுகிறோம். வங்கக் கடலை வாசலில் வைத்துக்கொண்டு ஒரு துண்டு மீன் கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி? காயம்பட்ட உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,000 கலோரி தேவைப்படும். இட்லியால் மட்டும் நிரப்புவதானால் ஐம்பதுக்குக் குறையாது! புரதம் 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சுகருக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், அதை இன்சுலின் பார்த்துக்கொள்ளும். டயட்டீஷியனிடம் கேட்டு முட்டை, மீன், பால், பருப்பு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். போதாவிட்டால் மூக்கு வழியாக டியூப் போடுவார்கள். டியூப் போட்டாலே முடிந்தது கதை என்று அழாதீர்கள், அது சாப்பாட்டுக் குழாய்தான்.

சென்னைக்கு? கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு பேர்பெற்றது, புதுச்சேரியிலேயே ஜிப்மரும் இருக்கிறது. இப்போது இருக்கும் இடத்தில் தோல் ஒட்டு அறுவை செய்ய வசதி இல்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் அங்கே பேசி, படுக்கை உறுதியான பிறகு, கூட ஆள் வைத்து ஆம்புலன்ஸில். நீங்களாகக் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு கிளம்புவது வேண்டாம்.

இட்லி மாவு விஷயத்தில் பக்கத்து வீட்டு அக்காவைத் திட்டாதீர்கள். போர்வையால் அணைத்தாரே, உயிரைக் காப்பாற்றியது அது. மாவு, பேஸ்ட், மை எதுவும் தேவையில்லை. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டால் போதும், ஐஸ் கூடாது. உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால் நடுங்குமளவு நனைக்காமல், சுத்தமான துணியால் மூடிக் கிளம்ப வேண்டும். வளையல், மோதிரம், மெட்டியை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். பிறகு கட்டர் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி. இன்று வேண்டாம். முகத்தில் லேசான காயம்தான் என்கிறீர்கள், வீக்கம் முழுக்க வடிய இன்னும் சில நாள் ஆகும், தோலும் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். கேட்டால் கண்ணாடி இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். "முகம் இன்னும் வீங்கியிருக்கிறதும்மா, வடியட்டும், நானே கொண்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். கொண்டு போகும் நாளில் சின்னக் கண்ணாடியாக எடுத்துப் போய், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.