ஏர் பிஸ்டலுக்கு முன் சைட் எந்த அகலத்தில் வாங்குவது?

டெல்லி கர்ணி சிங் ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன், முன் சைட்டை (குழல் முனையில் நிற்கும் குறிபார்க்கும் பட்டை) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம், ஆனால் அதற்கு முன்னால் பின் சைட்டின் பள்ளத்தைத் திருகி அகலத்தை மாற்றிப் பாருங்கள், போட்டி பிஸ்டல்கள் பலவற்றில் அந்தத் திருகு இருக்கும், பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். கையை நீட்டிப் பிடிக்கும்போது பள்ளத்துக்குள் நிற்கும் முன் சைட்டின் கறுப்புப் பட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெள்ளைக் கீற்று தெரிய வேண்டும். கீற்று மயிரிழையாக இருந்தால் கண் சீக்கிரம் களைத்துப்போகும், ரொம்ப அகலமாக இருந்தால் பட்டை நடுவில் நிற்கிறதா என்றே பிடிபடாது. எனக்குக் கை நீளம், பட்டை தள்ளிப்போய் ஒல்லியாகத் தெரிந்தது, 4 மி.மீ. முன் சைட்டிலிருந்து 4.5க்கு மாறியதும் சரியாகிவிட்டது. அப்புறம், டாட் சைட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டுவது) பக்கமே போகாதீர்கள், இந்தப் போட்டியில் இப்படிப் பட்டையும் பள்ளமுமான திறந்த சைட்டுக்கு மட்டும்தான் அனுமதி.