கணுக்கால் சுளுக்கு என்றார்கள். ஒரு மாதமாகியும் வலி போகவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடுமா?

தெரியலாம். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று அறிந்த ஒருவர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த பிறகு எடுக்க வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று சொல்லி வீட்டில் உள்ளவர்கள் உங்கள் வலியை நம்ப மறுக்கிறார்கள் என்றே எண்ணுகிறேன். எனக்கு அதுதான் நடந்தது. நான் மருத்துவர் அல்லேன். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் 18 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன்.

வியாசர்பாடியில் மாணவிகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது, ஓடி வந்து சட்டென்று திரும்புவது எப்படி என்று நானே செய்து காட்டினேன். மைதானத்தில் இருந்த ஒரு சிறு பள்ளத்தில் வலது கால் மாட்டியது. கணுக்காலின் வெளிப்புறத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் காலிலிருந்து வந்தது என்பதை உணர்வதற்குள் கீழே விழுந்திருந்தேன். அன்று மாலையே வீட்டுக்கு அருகில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். மாமனார் வற்புறுத்தியதால் புத்தூர் கட்டும் போட்டுக்கொண்டேன். கட்டுப் போடுபவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கே என்ன அறுந்திருக்கிறது என்று தெரியாமலே மூன்று வாரம் கட்டிவைத்திருந்தோம், அந்தப் பிழை எங்களுடையது.

கட்டைப் பிரித்த பிறகும் படி இறங்கும்போதெல்லாம் வெளிக்கணுவுக்குப் பின்னால் ஏதோ புரண்டு விழுவதுபோல் இருந்தது. இரண்டாவதாகப் போன இடத்தில் காலைத் தொடக்கூட இல்லை. ‘கணுக்கால் வலி’ என்ற இரண்டே சொற்களைச் சீட்டில் எழுதி எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். 6,500 ரூபாய் ஆனது. பெரோனியஸ் பிரெவிஸ் என்ற தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) பகுதிக் கிழிசல் இருக்கக்கூடும், நேரடிப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை. கிழிசலைத் தைக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்றார்கள்.

என் தோழி கட்டாயப்படுத்தி வேறொரு எலும்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, “படத்தைக் காட்டுங்கம்மா” என்றார். அதற்கும் முன்பு கணுவின் பின்னால் கட்டைவிரலை வைத்து, அவர் கையை எதிர்த்துப் பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னார். தள்ளியதும் தசைநாண் எலும்பின் மேல் ஏறி விழுந்தது; எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை அதுவரை ஒருவரும் செய்யவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வெளிக்கணுவுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், ரிப்போர்ட்டில் சொன்ன பெரோனியஸ் பிரெவிஸ் உட்பட, இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. அவை நழுவாதபடி ஒரு பட்டை அணைத்துப் பிடித்திருக்கிறது. எனக்குப் பிய்ந்திருந்தது அந்தப் பட்டை. நலமான தசைநாண் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். நீர் கோத்தாலோ கிழிந்தாலோ அங்கே வெண்மை தெரியும். ஆனால் கணுவைச் சுற்றி வளையும் இடத்தில், தசைநாணின் இழைகள் இயந்திரத்தின் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 டிகிரி சாய்வில் அமைந்துவிட்டால், கிழிசலே இல்லாதபோதும் சில வகைப் படங்களில் வெண்மை தோன்றும். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் பல வகைப் படங்களில் டி2 என்ற வகையில் அதே இடம் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் தோற்றப் பிழைதான். எனக்கு அப்படித்தான் இருந்தது. பட்டை பிய்ந்த அடையாளமும் அதே படங்களில் இருந்தது. அதைத் தேடும்படி யாரும் கேட்கவில்லை. ஸ்கேனில் கால் அசையாமல் கிடப்பதால் தசைநாண் நழுவுவதும் பதிவாகவில்லை. பாதத்தை அசைத்துக்கொண்டே அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது அது திரையில் தெளிவாகத் தெரிந்தது. பட்டையைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினேன்.

எம்.ஆர்.ஐ. வீண் என்று நான் சொல்வதாகச் சிலர் சண்டைக்கு வரக்கூடும். அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. அது எலும்பு முறிவைப் பார்ப்பதற்கு. ஆழத்தில் இருக்கும் கிழிசலையும் மூட்டுக்குள் உள்ள குருத்தெலும்புக் காயத்தையும் காட்ட எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். ஆனால் வலியே இல்லாதவர்களின் படத்திலும் தசைநாணில் மாற்றங்கள் தெரிவதுண்டு என்பதால், படத்தை மட்டும் வைத்துக் கத்தி எடுக்கக் கூடாது.

உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று எழுதவில்லை. வெளிக்கணுவின் முன்னும் கீழும் என்றால் பெரும்பாலும் ஜவ்வுக் காயம். பின்னால் என்றால் என்னைப் போலத் தசைநாணாக இருக்கலாம். உட்கணுவின் பின்னால் வலித்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியாவிட்டால், உள்பக்கத் தசைநாணைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற அடி விழுந்து நடை தளர்ந்திருந்தால் ஸ்கேனுக்காக நாளைக் கடத்த வேண்டாம். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கும்போது பாதம் அசையாவிட்டால், குதிகால் தசைநாண் அறுந்திருப்பதாகவே கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.

ஸ்கேனுக்கு அனுப்பினால், எந்தத் தசைநாணில் எதைச் சந்தேகிக்கிறார் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருவொற்றியூர், மணலிப் பக்கம் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவராக இருந்தால், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்பதையும் சொல்ல வேண்டும். காந்தத்தில் அது நகர்ந்து பார்வைக்கே கேடு செய்யும். கடைசியாக, ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். நான் சென்ற மையத்தில் அது கிடைக்க இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது, அதுவும் அந்தக் காலோடு.